மாப்பிள்ளை வைத்த பெட்டி

பசியாவரம்,
செவ்வாய்க்கிழமை.

மாப்பிள்ளை முரளி அவர்களுக்கு மாமனார் தேசப்பன் நிறைந்த மரியாதையோடும் கொஞ்சம் மனத்தாங்கலோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தை தேவகியும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். ஒரகடத்தில் நீங்களும் பூவிழியும் அப்படியே இருக்கவேண்டும். காட்டூருக்குப் போன் செய்யும்போது சம்பந்தி தருமலிங்கம் அவர்களுக்கும் சம்பந்தியம்மா மணியம்மாளுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் தங்கை நிவேதாவின் பரீட்சை நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறோம். எல்லோரும் சுகம். சுகமில்லாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது நம் ஊர்ச் சங்கத்து ஐஸ் பேக்டரிச் சுவரில் நீங்கள் உங்கள் கையாலேயே மாட்டிவிட்டுப் போன பெட்டி.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டதும் என் வாயில் "சரிங்க மாப்ள" என்பதைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. கோபமாகப் பேசவேண்டும் என்று படகு கட்டுகிற ஜெட்டியில் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவேன். நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும், சாப்பிட்டீர்களா, அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். பக்கத்தில் நிற்கிற உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொள்கிறாள். பெண் கொடுத்தவன் நாக்குக்கு இருக்கிற பூட்டு பேனாவுக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். இதில் ஏதாவது சூடாக இருந்தால் அது பெட்டியைச் சொன்னது, உங்களைச் சொன்னதில்லை என்று எடுத்துக்கொள்ளவும். என் அண்ணன் மகன் அஜித்குமார் நாளைக் காலை ஒரகடம் பக்கம் வேலைக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன்.

பழைய கதையைக் கிளறுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏரியில் வலை போடுகிற வீட்டுப் பெண், நெல் விளைகிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனதை நம் ஊர் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், பாயசம் தண்ணீராக இருந்தது என்று குறையும் சொன்னார்கள். ஆனால் இன்றுவரை உங்களைக் காட்டூர் பையன் என்கிறார்களே தவிர, மாப்பிள்ளை என்று ஒரு வாய் சொன்னதில்லை. இங்கே ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை என்றால் ஊருக்கே மாப்பிள்ளை. படகை விட்டு இறங்கினால் நாலு பேர் எழுந்து நிற்கவேண்டும். உங்களுக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நான் கவனித்தேன். பெண்ணைப் பெற்றவனுக்கு அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதனால்தான், பேக்டரி மிஷின்களுக்கு மூளை வைப்பது உங்கள் உத்தியோகம் என்று பூவிழி சொன்னதும், ஊர்க் கூட்டத்தில் எழுந்து, நம் ஐஸ் பேக்டரிக்கும் என் மருமகன் ஒன்று செய்து தருவார், மாப்பிள்ளை வீட்டுச் சீராக வைத்துக்கொள்ளுங்கள் என்று வாயை விட்டேன். நீங்களும் மறுக்காமல் லீவு போட்டு வந்து, வியர்க்க விறுவிறுக்க வேலை பார்த்து மாட்டிக் கொடுத்தீர்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. இனி எழுதப்போவதை அந்த நன்றியோடு சேர்த்துப் படிக்கவும்.

முதலில் பெட்டியின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாவம். அதற்கு முன்னால் பேக்டரியை ஓட்டியது இளவழகன். அவன் நல்லவன்தான். ஆனால் கம்ப்ரசர் சத்தத்தில் தாலாட்டுக் கேட்ட மாதிரி தூங்கிவிடுவான். அவன் கையில் இருந்த காலத்தில் ஐஸ் பாரைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் குலுங்கும். பாதி உறைந்ததை வாங்கிக்கொண்டு போனால், ஏரியிலிருந்து திரும்பும்போது இறால் குளிப்பாட்டின மாதிரி கிடக்கும். பெட்டி வந்த பிறகு ஐஸ் கண்ணாடி மாதிரி வந்தது. கரண்டு பாதியாகக் குறைந்தது. எந்த நேரத்தில் கம்ப்ரசர் ஓடவேண்டும், எந்த நேரத்தில் நிற்கவேண்டும், ஐஸ் உறையவைக்க எத்தனை கேன் நிரப்பவேண்டும் என்று எல்லாம் அதுவே பார்த்துக்கொண்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஏரியில் குப்பங்கள் மாறி மாறி வலை போடுகிற பாட்டு முறையைக்கூடக் கண்டுபிடித்துவிட்டது. ஊர்த் தலைவர் துளசிங்கம் வந்து பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, இதற்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். மருமகன் சொல்லிவைத்திருப்பார் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். அந்த ஒரு மாதம் நான் தெருவில் நடந்த நடையே வேறு.

பாடு என்றால் என்னவென்று உங்களுக்கு ஒரு தடவை விளக்கியிருக்கிறேன், இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் தகராறு எல்லாம் அதில்தான். உங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுகிறீர்கள் இல்லையா, அதேபோல ஏரியில் இறால் விழுகிற இடங்களை இங்கே மூன்று குப்பமும் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்கிறோம். ஒருநாள் நம்முடையது, மறுநாள் தெற்குக் குப்பம், அதற்கு மறுநாள் வடகரைக் குப்பம், பிறகு திரும்பவும் நாம். படகு நமக்குத்தான் அதிகம், அதனால் நம் பாட்டு நாளில் ஐஸ் மலையாக வேண்டும், மற்ற நாளில் அவர்கள் வாங்கக் கொஞ்சம் போதும். இதைத்தான் உங்கள் பெட்டி மோப்பம் பிடித்துவிட்டது. ஆனால் மூன்று குப்பத்தில் எங்கே ஒரு சாவு விழுந்தாலும் அன்றைக்கு ஏரியில் வலை இறங்காது. அன்றைய பாடு யாருடையதோ அவர்களுக்கு அது மறுநாள் கிடைக்கும். மொத்த முறையும் ஒருநாள் தள்ளிப்போகும். இது எங்கள் பாட்டன் காலத்துக்கும் முந்தைய ஏற்பாடு. கலெக்டரே வந்து கேட்டாலும் இதில் ஒரு நூல் மாற்றமாட்டோம்.

போன மாதம் தெற்குக் குப்பத்தில் ஒரு பெரியவர் காலமானார், அதுவும் அவர்களுடைய பாட்டு நாளிலேயே. முறை ஒருநாள் தள்ளியது. எங்களுக்குத் தெரியும், ஏரிக்குத் தெரியும், பெட்டிக்கு யார் சொல்வது. அது தன் கணக்குப்படி பழைய நாளில் ஐஸை மலையாக உறையவைத்து வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. வந்தது வடகரைக்காரர்கள் நாலு படகு. சாயங்காலம் வரை பார்த்தது, இனி யாரும் வரப்போவதில்லை என்று கரண்டை மிச்சம் பிடிக்க மிஷினை நிறுத்திவிட்டது. நம் தொட்டியோ பழசு, குளிர் நிற்காது. மறுநாள் நம் பாடு. படகோடு வந்து கேனுக்குள் கையை விட்டால் ஐஸ் பாதி, தண்ணீர் பாதி. கையால் மிஷினைப் போடலாம் என்று இளவழகனைத் தேடினால், பழைய சுவிட்சை நீங்கள் கழற்றிவிட்டீர்கள், பெட்டியைத் திறக்க உங்கள் போனில் இருக்கிற ரகசிய எண் வேண்டும் என்றான். அன்றைக்கு இறால் நன்றாக விழுந்தது. விழுந்ததெல்லாம் கரைக்கு வருவதற்குள் தலை சிவந்துபோய், கருவாட்டுக்குத்தான் ஆயிற்று. முத்தம்மாள் தன் இறால் கூடையைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அதற்குத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு மட்டும் சாப்பிட்டீர்களா என்று கேட்ட பிறகு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டி இப்போது ஒரே தடத்தில் மிகச் சிறப்பாக ஓடுகிறது, ஆனால் வளைந்துகொடுக்கத் தெரியவில்லை, அங்கிருந்தே ஒன்றை மாற்றுகிறேன், இனிமேல் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அதுவே தன்னை மாற்றிக்கொள்ளும் என்றீர்கள். சரிங்க மாப்ள என்றேன். மாற்றினீர்கள். மாப்பிள்ளை, தப்பாக நினைக்காதீர்கள், அது வளைந்துகொடுக்கவில்லை, வளைந்தே போய்விட்டது. கதவு திறந்தால் ஐஸுக்கு ஆள் வந்துவிட்டது என்று அதற்குக் கணக்காம். நம் பேக்டரிக் கதவு எதற்கெல்லாம் திறக்கும் தெரியுமா. வெயில் ஏறினால் முனியம்மாள் மீன் கூடையை இறக்கிவைத்து உள்ளே வந்து கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அவளைத் தேடிக்கொண்டு செவ்வந்தி வருவாள். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க இன்னும் நாலு பேர் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஐஸ் தூள் பொறுக்க வரும். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் உங்கள் பெட்டி, ஏரி முழுக்க இறால் பொங்குகிறது என்று முடிவுகட்டிப் பேய் மாதிரி ஐஸ் உறையவைத்தது. வைக்க இடமில்லாமல் ஐஸ் பார்களைத் தெருவில் அடுக்கினோம். நாய்கள் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டன.

சரி, ஐஸ் அதிகமாக இருப்பது நல்லதுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் இளவழகன் தங்கைக்குப் பழவேற்காட்டில் கல்யாணம் வந்தது. ஊரே பாலம் தாண்டிப் போய்விட்டது. பேக்டரிக் கதவை ஒருவரும் திறக்கவில்லை. பெட்டி யோசித்திருக்கிறது. இந்த ஊர் மீன்பிடித் தொழிலையே விட்டுவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு திரும்பி வந்தால் தொட்டியில் தவளை நீந்துகிறது. திரும்பவும் உங்களுக்குப் போன். நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள். பூவிழி எடுத்து, "நைனா, அவரு ராத்திரிக்கெல்லாம் பழையபடி மாத்திடுவாரு, நீ எதையும் தொடாத" என்றாள். பழையபடி மாற்றினீர்கள். பழையபடி மாறியதும் அது பழைய கணக்கையே பிடித்துக்கொண்டது, நம் பாட்டுக்கு ஒருநாள் முன்னால். அவள் தொடாதே என்றதை மீறி நான் தொட்டது என் குற்றம்தான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் நினைத்தது இதுதான். பெட்டி தன் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை. தொட்டிக்குள் நீங்கள் விட்டிருக்கிற ஒரு கம்பி சொல்வதைத்தான் கேட்கிறது. கம்பி சூடு என்றால் சூடு. அப்படியானால் நம் பாட்டுக்கு முந்தைய நாள் அந்தக் கம்பிக்குக் கொஞ்சம் சூடு காட்டினால், ஐயோ தொட்டி காய்கிறதே என்று பயந்து மிஷினைப் போட்டுவிடும் அல்லவா. உங்கள் அத்தையிடம் வடித்த கஞ்சியை ஒரு குண்டானில் வாங்கிக்கொண்டு போய், கம்பியைத் தொட்டியிலிருந்து எடுத்து அதில் விட்டேன். கொதி அடங்காத கஞ்சி. பெட்டி மிஷினைப் போடவில்லை. சைரன் போட்டது. பெட்டிக்குள் அப்படி ஒரு சங்கதி இருப்பதை நீங்கள் எனக்குச் சொல்லவேயில்லை. இந்தக் கரையில் சைரன் என்றால் ஒரே அர்த்தம்தான். ஊர் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. படகுகளையெல்லாம் மேட்டுக்கு இழுத்தார்கள், வலைகளைச் சுருட்டிக் கட்டினார்கள், ரேஷன் கார்டும் ஆதார் கார்டும் இடுப்பில் ஏறின, பிள்ளைகளையும் ஆடுகளையும் புயல் கட்டடத்துக்கு ஓட்டினார்கள். துளசிங்கம் மைக்கைப் பிடித்து, யாரும் பதறவேண்டாம் என்று பதறிக்கொண்டே சொன்னார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் கையில் கஞ்சிக் குண்டானோடு பேக்டரி வாசலில் நின்றதை ஊர் முழுக்கப் பார்த்தது.

அப்புறம் கூட்டம் போடாமல் இருப்பார்களா. நம் ஊர் முறை உங்களுக்குத் தெரியாது. யார்மேல் புகார் வந்தாலும், அவர் கூட்டத்துக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். உன் பக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்று தலைவர் மூன்று தடவை கேட்பார். அதன் பிறகுதான் தீர்ப்பு. கேட்காமல் தண்டிக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. பெட்டிமேல் புகார், பெட்டியோ சுவரில் இருக்கிறது, வரச்சொல்ல முடியாது. அதனால் கூட்டம் பேக்டரிக்குள்ளேயே கூடியது. எள் போட்டால் எள் விழாது. வெளியே நின்றவர்கள் கேட்பதற்காகக் கதவு இரண்டையும் திறந்து போட்டார்கள். மழைக்காக நீங்கள் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையோடு பெட்டி நிற்பது மரியாதைக் குறைவு என்று யாரோ சொல்ல, அஜித்குமார் அந்த உறையைக் கழற்றி இடுப்புத் துண்டு மாதிரி பெட்டியின் கீழே கட்டிவிட்டான். துளசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தடவை கேட்டார், பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை கேட்டு வாயை மூடவில்லை, பெட்டி டக்கென்று ஒரு சத்தம் போட்டது, சிவப்பு விளக்கு பச்சையாயிற்று, கம்ப்ரசர் தடதடவென்று எழுந்தது. இத்தனை பேர் மூச்சிலும் திறந்த கதவிலும் அறை சூடேறியதால்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது யாருக்குப் புரிந்தது. பாதிப் பேர் அது எதிர்த்துப் பேசுகிறது என்றார்கள். மீதிப் பேர் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டது, பாவம், அடிக்கடி ஓடினால் மூச்சு வாங்காதா என்றார்கள்.

தீர்ப்பு இது. வருகிற வெள்ளிக்கிழமை அமாவாசைப் பாடு நம்முடையது. ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு இறால் வரும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அன்று ஒரு படகுக்கு ஐஸ் இல்லையென்றாலும் பெட்டியைக் கழற்றிவிடவேண்டும். கழற்றி, அதை நானே தூக்கிக்கொண்டு காட்டூருக்குப் போய் உங்கள் அப்பா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரவேண்டும். சீராக வந்ததைத் திருப்பி அனுப்புவதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உறவே வேண்டாம் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கூட்டத்தில் எப்போதும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவன், முன்னால் போய் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என் துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டினேன். "இந்தப் பொட்டிக்கு நான் பொறுப்பு" என்றேன்.

முத்தம்மாள் விடுவாளா. கருவாடான இறால் அவளுடையது. "பொட்டிக்கா, பொட்டி வெச்ச பையனுக்கா?" என்றாள்.

"ரெண்டுக்கும்தான்" என்றேன். "என் பொண்ணக் குடுத்துக்கிறேன். அவுர திருப்பி அனுப்பறதுக்கு இன்னா, கடைல வாங்குன பல்பா?"

மாப்பிள்ளை, அந்த வார்த்தையிலிருந்து நான் இறங்கப்போவதில்லை. பெட்டியைக் கழற்ற விடமாட்டேன். அது இப்போது இருக்கிறபடியே இருக்கவும் விடமாட்டேன். ஒரே தடத்தில் சிறப்பாக ஓடுவது, வளைந்துகொடுப்பது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று நீங்கள் எனக்கு ஒரு படம் போட்டு அனுப்பினீர்கள், ஒரு கோடு மேலே போனால் இன்னொன்று கீழே போகிறது. படம் அழகாக இருந்தது. ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும், கோடு எப்படிப் போனாலும் சரி. உங்கள் கார் கம்பெனியில் பம்பர் வருகிற நேரத்துக்குப் பம்பர் வரும், கதவு வருகிற நேரத்துக்குக் கதவு வரும், யாரும் செத்தால்கூட ஷிப்ட் முடிந்துதான் சாவார்கள். இங்கே காற்று திரும்பும், முகத்துவாரம் மணலில் மூடிக்கொள்ளும், கோயில் திருவிழா வரும், சாவு வரும். அதற்காக ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் மனம் மாறுகிற பெட்டியும் எங்களுக்கு உதவாது. முனியம்மாள் வெற்றிலை போடுவதைப் பார்த்து ஊரின் தலையெழுத்தை முடிவுசெய்யக் கூடாது.

நான் உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் உங்கள் அப்பா இருக்கிறார், கோபித்துக்கொள்ளக் கூடாது, இந்த இடத்தை அவரிடம் படித்துக்காட்டவும் வேண்டாம். மோட்டார் போடுகிற நேரம் வந்தால் கொட்டுகிற மழையிலும் குடை பிடித்துக்கொண்டு போய் மோட்டார் போடுவார். நான் என் கண்ணால் பார்த்தேன். இன்னொரு பக்கம் நான் இருக்கிறேன். கடைக்குச் சர்க்கரை வாங்கப் போய், வழியில் யாரோ வலை இழுக்கிறார்கள் என்று கை கொடுத்துவிட்டு, சாயங்காலம் சர்க்கரை இல்லாமல் மீனோடு வருவேன். உங்கள் பெட்டி முதலில் உங்கள் அப்பாவாக இருந்தது. பிறகு நானாக ஆயிற்று. எனக்கு வேண்டியது சாதாரண நாளில் உங்கள் அப்பாவாகவும், விசேஷ நாளில் நானாகவும் இருக்கிற பெட்டி. தன் கணக்குப்படி அது ஓடட்டும், அந்தக் கண்ணாடி ஐஸும் கரண்டு மிச்சமும் போகவேண்டாம், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் ஊரில் ஏதாவது நடந்தால் ஒரு மனுஷன் சொல்வதை அது கேட்கவேண்டும். கதவு சொல்வதை இல்லை, கம்பி சொல்வதை இல்லை, ஊர் பொறுப்புக் கொடுத்த ஒரு ஆள் சொல்வதை. கேட்டு அன்றைக்கு நடந்துகொண்டுவிட்டு, மறுநாள் தன் வழிக்குத் திரும்பிவிடவேண்டும். ஒரு பெரியவர் செத்தார் என்பதற்காக மூன்று நாளுக்கு ஒருவர் சாவார் என்று அது பாடம் படித்துக்கொண்டால் எங்களுக்குக் கட்டாது. இதற்கு ஒரு சுவிட்சு போதுமா, இரண்டு வேண்டுமா என்பது உங்கள் படிப்பு.

ஆகையால் நீங்கள் வியாழக்கிழமைக்குள் இங்கே இருக்கவேண்டும். மீட்டிங் என்று சொல்லக் கூடாது. உங்கள் மேனேஜரிடம் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், கஞ்சிக் குண்டான் சம்பவத்துக்குப் பிறகு அதில் பொய் ஒன்றும் இல்லை. பொன்னேரியில் பஸ் கிடைக்காவிட்டால் போன் போடுங்கள், பைக்கில் ஆள் அனுப்புகிறேன். லேப்டாப்பையும், அதற்கு என்னென்ன ஒயர் வேண்டுமோ அத்தனையையும், அந்த ரகசிய எண்ணையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். நீங்கள் வராவிட்டால் நானே சுத்தியலோடு உட்கார்ந்து பெட்டிக்குப் பாடு கற்றுக்கொடுப்பேன். காட்டூருக்கு மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன். நம் ஊரில் நீங்கள் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவேண்டும். எனக்கு இந்த ஜன்மத்தில் அதைவிடப் பெரிய ஆசை இல்லை.

பூவிழியை வெயிலில் அலையவேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுக்குப் பிடித்த இறால் கருவாடு நிறையவே இருக்கிறது, காரணம் மேலே எழுதியிருக்கிறேன். தம்பதிகள் இருவரும் ஏரித் தண்ணீர் மாதிரி வற்றாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம். ஏரி சில கோடையில் வற்றும், அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுப்படாத மாமனார்,
தேசப்பன்.

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. மேலே எழுதிய எதையும் செய்யவேண்டாம். புதன்கிழமை அஜித்குமார் கிளம்பவில்லை, ஏன் என்று சொல்கிறேன். அன்று காலை அவனை மட்டும் துணைக்கு நிறுத்திக்கொண்டு, வேறு யாரிடமும் சொல்லாமல் வடகரைக்கும் தெற்குக் குப்பத்துக்கும் போய், வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் வாங்கிவைக்கிற ஐஸில் கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை, பேசிச் சொல்கிறோம் என்றார்கள். மத்தியானம் மூன்று குப்பத்துத் தலைவர்களும் நம் பேக்டரி வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பெட்டியின் கணக்குப்படி வியாழக்கிழமை ஐஸ் மலையாக இருக்கும். வியாழன் வடகரைப் பாடு, வெள்ளி நம்முடையது. துளசிங்கம் மெதுவாகச் சொன்னார், "மாப்ள வெச்ச பொட்டி அது. அதப் போயி எயுந்து நில்லு, ஒக்காருன்னு வெரட்டறது நல்லாவா இருக்குது? நாமதான் தோதா நடந்துக்கணும்." வடகரைக்காரர்கள் சரி என்றார்கள். வியாழன் நமக்கு, வெள்ளி அவர்களுக்கு என்று பாட்டை மாற்றிக்கொண்டாயிற்று. பாட்டன் காலத்து முறையாவது ஒன்றாவது. நேற்று நம் படகு எல்லாம் போனது, கடைசிப் படகு வரைக்கும் ஐஸ் இருந்தது, இறாலும் விழுந்தது, அதைத் தரம் பிரிக்க ஆள் போதாமல் அஜித்குமார் நேற்றும் தங்கிவிட்டான்.

இனிமேல் எங்கே சாவு விழுந்தாலும் ஒருநாள் இல்லை, முழுசாக மூன்று நாள் துக்கம் என்று தீர்மானமும் போட்டிருக்கிறார்கள். அப்போதுதான் முறை சுற்றிக்கொண்டு அதே இடத்தில் வந்து நிற்கும், பெட்டியின் கணக்கு கலையாது. இறந்தவருக்கும் மரியாதை, பெட்டிக்கும் மரியாதை. தெற்குக் குப்பத்துக்காரர்களுக்கு, தங்கள் பெரியவர் ஒருநாள் துக்கத்தோடு போய்விட்டாரே என்று கொஞ்சம் வருத்தம். ஆகவே நீங்கள் அங்கிருந்தோ இங்கே வந்தோ அந்தப் பெட்டியில் ஒரு திருகைக்கூடத் தொடவேண்டாம். இப்போது அதைத் திருத்தினால் மூன்று குப்பமும் குழம்பிவிடும்.

இன்று காலை துளசிங்கம் என் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "மாப்ள எப்ப வர்றாரு?" என்று கேட்டார். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் பதில் சொல்ல முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன். லேப்டாப் வேண்டாம். பூவிழியை அழைத்துக்கொண்டு கையை வீசிக்கொண்டு வாருங்கள்.